கம்பிகள் அதிர்ந்த பிற்பகல்

இதைக் கட்டுக்கதை என்று கருதுவோர் சூரியநெல்லிக்குச் சென்று சுடலையை விசாரிக்கலாம். அன்று தோட்டத் துரைமாரின் கிளப்பில் பணியாளராக இருந்தவர் அவர். நடந்ததில் பாதியைத் தம் கண்ணாலேயே கண்டவர்.

1973, டிசம்பர். நல்லமுத்து அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர். அதே கிளப்பில் துரைமாரின் நடனத்திற்கு டிரம் அடிக்கப் பழகி, பின்பு சென்னை ஹோட்டல்களில் பதினைந்து ஆண்டுகள் ஜாஸ் வாசித்தவர். அவருடன் ஆளுயர பேஸ் வாத்தியத்தை மீட்டிய யாக்கோபு அவருடைய உயிர்த்தோழர். யாக்கோபுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு நான்காவது தட்டிலும் சற்றே பின்தங்குவார்.

"ஏலே, நான் அடிக்கிற வரைக்கும் நீ தாளம் தப்பி விழமாட்டே" என்று நல்லமுத்து மேடையிலேயே கேலி செய்வார்.

அன்று மாலை அந்தக் கிளப்பில் கச்சேரி. டிரம்களைப் பொருத்துவதற்காக நல்லமுத்து முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். யாக்கோபும் மற்றவர்களும் வேனில் மலையேறிக்கொண்டிருந்தனர்.

பிற்பகல் மூன்றரை மணி. கூடத்தில் அவரைத் தவிர ஒருவரும் இல்லை. சன்னலுக்கு வெளியே மூடுபனி.

ர்ர்ர்...

ஸ்நேர் டிரம்மின் அடித்தோலில் மெல்லிய கம்பிகள் உண்டு. அருகில் வேறொரு வாத்தியம் ஒலித்தால் அவையும் கூடவே அதிரும். அங்கோ வேறு எந்த வாத்தியமும் ஒலிக்கவில்லை. அவற்றை இறுக்கும் கொக்கியைத் தளர்த்தி, கம்பிகளைத் தோலினின்றும் விலக்கினார்.

ர்ர்ர்... ர்ர்ர்... ர்ர்ர்...

நான்காவது சற்றே பின்தங்கியது.

கை தானாகக் குச்சிகளை எடுத்தது. அடித்தார். அதிர்வு அவரோடு சேர்ந்து வந்தது. பின்பு தளர்ந்தது. இன்னும் தளர்ந்தது. நிறுத்தினால் யாக்கோபு விழுந்துவிடுவார் என்பது மட்டும் தெரிந்தது. எங்கே, எதனால்... தெரியவில்லை. நேரம் போனதே தெரியாமல் அழுத்தி அடித்தார். விரலில் இரத்தம் கசிந்தது.

சுடலை ஓடிவந்தார். "ஆளில்லாத கச்சேரிக்கு இம்புட்டு அடியா? துரை தூங்குறாரு. நிப்பாட்டுங்கண்ணே."

"முடியாது."

"என் வேலை போயிரும்ணே."

"யாக்கோபு விழுந்துருவான்... விடு சுடலை."

சுடலை குச்சிகளைப் பிடித்துக்கொண்டார்.

கம்பிகள் ஒருமுறை அதிர்ந்தன.

பிறகு இல்லை.

கூடத்துக் கடிகாரத்தில் நான்கே கால்.

இருட்டிய பின்பு செய்தி வந்தது. வேன் சரிவில் உருண்டுவிட்டது. இறந்தவர் யாக்கோபு ஒருவரே.

ஓராண்டு கழித்து, நல்லமுத்து மீண்டும் மேடையேறிய பின்புதான், வேன் ஓட்டுநர் சங்கையா மீதியைக் கூறினார். வேனுக்கு அடியில் சிக்கிய யாக்கோபு, முக்கால் மணி நேரம் தகரத்தில் விரலால் தாளம் தட்டியவாறே உயிரோடு கிடந்தாராம். கயிற்றோடு ஆட்கள் பாதிச் சரிவு இறங்கியிருந்தனராம். அப்போது விரல் நின்றது. மணி நான்கே கால்.

கடைசியாக அவர் ஒன்றே ஒன்று சொன்னாராம்.

"நிப்பாட்டிட்டானே..."