ஒரு மாத்திரைக்கு ஒரு தையல்

அம்மா தையல்காரி. எங்கள் தெருவுக்கான காசநோய் மாத்திரைகளும் அவள் பொறுப்பில்தான் இருந்தன. நோயாளிகள் ஆறு மாதம் தினமும் அவள் கண்ணெதிரே விழுங்கி, வாயைத் திறந்து காட்ட வேண்டும். காட்டினால் ஓர் அவித்த முட்டை. முட்டைக்குப் பணம் தந்த வெளிநாட்டு நிறுவனம், திட்டம் முடிந்ததென்று எல்லோரோடும் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. அரசாங்க மாத்திரை வழக்கம்போல வந்தது. ஆட்கள்தான் வரவில்லை.

அவர்களில் பெரும்பாலோர் அவளிடம் துணி தைக்கக் கொடுத்தவர்கள். அந்தத் துணிகளை மட்டும் பொறுக்கித் தனிக் கம்பியில் மாட்டினாள். மாத்திரை போட்டால் அன்றைக்கு ஒரு பட்டனோ ஒரு சாண் தையலோ போடுவாள். வராதவர் துணி தொங்கும் என்று சொல்லியனுப்பினாள். ஒற்றைக் கைச் சட்டைகளைப் பார்த்துத் தெருவே சிரித்தது. திட்டிக்கொண்டே எல்லோரும் வந்தார்கள்.

வெல்டர் மட்டும் வரவில்லை. காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிட்டு, தன் கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த பேண்ட்டை வாங்க வந்து நின்றார்.

"அதான் உடம்பு தேறிடுச்சேக்கா."

"பாதிதான் தேறியிருக்கு. அதுக்குப் பாதி பேண்ட் போதும்" என்று ஒரு காலை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

மறுபடி விழுங்க ஆரம்பித்தார். மாத்திரை முடியுமுன் கல்யாணம் வந்தது. அம்மா இரண்டு காலையும் தைத்துக் கொடுத்தாள். இடுப்புக் கொக்கியை மட்டும் வைத்துக்கொண்டாள். எல்லாப் படத்திலும் மாப்பிள்ளையின் ஒரு கை இடுப்பில் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு வயிற்றுவலியா என்று மாமியார் நாள் முழுக்க விசாரித்தாராம்.

பிறகு ஒரு மதியம் அம்மா மெஷின்மேல் சாய்ந்தவள் எழவில்லை. இதயம்.

தகனம் முடிந்த மறுநாள் காலையில் வெல்டர் இடுப்பைப் பிடித்தபடி வாசலில் நின்றார்.

"இன்னும் ஒரு வாரம் பாக்கி. அக்கா இல்லாம யார் முன்னாடி முழுங்கறது?"

நான் லிஃப்ட் மோட்டார் பழுது பார்க்கிறவன். ஊசியைத் தொட்டதில்லை. அம்மாவின் டப்பாவிலிருந்து மாத்திரையை எடுத்து, தண்ணீரோடு கொண்டுவந்து கொடுத்தேன். விழுங்கினார். வாயைத் திறந்து காட்டினார். மறுநாளும் வந்தார், கூடவே இன்னும் சிலர்.

கடைசி மாத்திரையன்று கொக்கியைத் தைத்தேன். தலைகீழாக வந்துவிட்டது.

"கொக்கிதான, நானே வெல்டிங் வெச்சிருப்பேன்" என்றவர் கொக்கியைத் தடவிப் பார்த்தார். "அக்கா இருந்தா இதைப் பிரிக்கச் சொல்லியிருப்பாங்க."

பிரித்தேன். ஊசியில் நூலை மறுபடி கோத்தேன். அடுத்து மாத்திரை போடப் பின்னால் நின்றவர் தனக்குத் தானே தண்ணீர் ஊற்றிக்கொண்டார்.