மஞ்சளும் குங்குமமும் போட்ட விண்மீன் திரள்

முட்டாள்தனத்தில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே நல்ல கைராசி. இல்லாவிட்டால், கடலுக்கு எதிரே இருக்கும் பள்ளிக்கூட வாசலில், மாசி மாதக் காற்றில், வெறும் பொடியால் ஒரு விண்மீன் திரளை வரைந்து வைப்பேனா?

எழுபதுகளில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்தேன். புரொபேஷன் முடிகிற நேரம். செங்கல்பட்டிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து, என் பாடத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மாமனார் மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்க வேண்டியதுதான். அவர் வருகிற அன்று விடிந்ததுமே வாசலில் உட்கார்ந்து வரைய ஆரம்பித்தேன்.

வரைந்தது சுருள் வடிவத் திரள். நடுவில் குவிந்திருக்கும் கிழட்டு விண்மீன்களுக்கு மஞ்சள்தூள். வளைந்து செல்லும் கரங்களில், இளம் விண்மீன்களுக்குத் துணிக்குப் போடும் நீலம். கரங்களை ஒட்டி ஓடும் தூசுப் பட்டைக்கு வீட்டுக் காப்பித்தூள், மனைவியிடம் சொல்லவில்லை. விண்மீன்கள் பிறக்கிற சிவந்த வாயு மேகங்களுக்குக் குங்குமம். அந்தக் குங்குமத்தை ஒட்டியே, சூப்பர்நோவாவுக்காக, தீபாவளிக்கு மிஞ்சிய ஒரு புஸ்வாணம். கனத்த விண்மீன்கள் அவசரக்காரர்கள். பிறந்த இடத்தை விட்டு அதிகம் நகர்வதற்குள் எரிந்து தீர்ந்து வெடித்துவிடுவார்கள். இதை விளக்கத்தான் இத்தனை பாடு.

மகனைக் கொண்டுவந்து விட வந்த மீனவர் ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இன்னா வாத்தியாரே, யாருக்கு வெச்சுகினு கீற?”

“ஐயோ அண்ணாத்த, இது சூனியம் இல்ல. வானத்துல இருக்கற விண்மீன் கூட்டம்.”

“வானத்துல இருக்கறதுக்கு இன்னாத்துக்கு மஞ்சா, குங்குமம்? எம் புள்ள இத்தத் தாண்ட மாட்டான். டேய், வாடா வூட்டுக்கு.”

அவ்வளவுதான். பின்னால் வந்தவர்களும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வேலிக்கு அப்பால் போய் நின்றார்கள். ஜீப் சத்தம் கேட்டபோது வகுப்பில் இருந்தது நானும் கரும்பலகையும்தான்.

“பிள்ளைங்க எங்கே?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“சூப்பர்நோவா சார், கொஞ்சம் தூரத்துலேர்ந்து பாக்கறதுதான் நல்லது” என்று வேலியைக் காட்டினேன்.

புஸ்வாணத்தைப் பற்றவைத்தேன். ‘உஸ்’ என்றது. அணைந்தது. மாதக்கணக்கில் உப்புக்காற்று குடித்திருந்தது அது. மறுபடி பற்றவைத்தேன். இந்த முறை ‘உஸ்’கூட இல்லை. அந்த நேரம் பார்த்துக் காற்று ஒரு வீசு வீச, திரளின் ஒரு கரம் முழுவதும் எழும்பிப் போய் இன்ஸ்பெக்டரின் வெள்ளை வேட்டியில் இறங்கியது.

“சார்,” என்றேன், அணைந்த புஸ்வாணத்தைக் காட்டி, “நிஜத் திரள்லயும் அடுத்தது எப்ப வெடிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. பல வருஷம் காத்திருக்கணும்.”

அவர் வேட்டியை உதறிக்கொண்டே ஜீப்பில் ஏறினார்.

“வெடிச்சதும் சொல்லியனுப்பும், வந்து கையெழுத்துப் போடறேன்.”