இறால் புரதத்தில் இல்லாத ஒரு தொடுகை

பனிச்சங்கேணியில் களப்பில் வலை வீசிப் பிழைக்கிற வீட்டில் பிறந்தும் எனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. பத்து வயதில் ஒருநாள் இறால் குழம்பு சாப்பிட்டுவிட்டு உதடு தடித்து, கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பி, அப்பா என்னை மோட்டார் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார். அதற்குப் பிறகு வீட்டில் இறால் சமைக்கிற நாட்களில் அம்மா எனக்கென்று வேறு சட்டி வைப்பார்.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தபோது, எனக்கு மேற்பார்வையாளராக இருந்த மேடம் மூன்று புரதங்களின் பெயரைச் சொல்லி ஒன்றைத் தெரிவுசெய்யச் சொன்னார். அதில் ஒன்று இறாலின் தசையில் இருப்பது. என்னைப் போன்ற ஆட்களின் உடம்பு பகைத்துக்கொள்ளும் புரதங்களில் அதுவும் ஒன்று. நான் யோசிக்காமல் அதையே எடுத்தேன்.

வேலை முழுவதும் கணினியில்தான். ஒரு புரதம் என்பது நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்கள் சங்கிலியாக இணைந்து, அந்தச் சங்கிலி தனக்குள்ளேயே மடிந்து சுருண்டு கிடப்பது. சங்கிலியில் தூரத்தில் இருக்கிற இரண்டு அமினோ அமிலங்கள், மடிப்பில் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடலாம். அப்படி நெருங்கி நிற்பவற்றைத் தொடுகை என்போம். ஒரு மில்லிமீற்றரைக் கோடி பங்காகப் பிரித்தால் வருவது ஒரு அங்ஸ்ட்ரொம். எங்கள் கணக்கில், நான்கு அங்ஸ்ட்ரொமுக்குள் வந்தால் தொடுகை. வெளிநாட்டில் யாரோ அந்தப் புரதத்தைப் பளிங்காக, அதாவது படிகமாக உறையவைத்துப் படமெடுத்து, ஒவ்வொரு அணுவும் எந்த இடத்தில் நிற்கிறது என்று எழுதிவைத்த கோப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதை வாசித்துத் தூரங்களை அளக்க நானே ஒரு நிரல் எழுதினேன். அந்தப் புரதம் இரண்டு பாதிகளாக மடிந்து கிடப்பது; அந்தப் பாதிகளை எந்தத் தொடுகைகள் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கின்றன என்பதுதான் கேள்வி.

என்னோடு அதே அறையில் காத்தான்குடியைச் சேர்ந்த ஒருத்தி வேலை செய்தாள். அவளுக்கும் அதே புரதம், வேறு கேள்வி. நிரல் எழுத அவளுக்கு வராது. பலரும் பாவிக்கிற ஆயத்த மென்பொருள் ஒன்றை வைத்து, வந்த பட்டியலைக் கையால் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பாள். மத்தியானம் அவளுடைய உம்மா கட்டிக்கொடுத்த சோற்றில் பாதி எனக்கு வரும். இறால் போட்ட நாளில் மட்டும், "இண்டைக்கு ஒனக்கு இல்ல கா, கிட்டவும் வராத" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவாள்.

ஆறாம் மாதம் என் பட்டியலில் ஒரு சோடி தெரிந்தது. ஒரு பாதியில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம், மறு பாதியில் குளுட்டாமிக் அமிலம் என்ற இன்னொன்று. ஒன்றில் நேர் மின்னேற்றம், மற்றதில் எதிர் மின்னேற்றம்; ஒன்றையொன்று இழுக்கும். இடையில் மூன்று அங்ஸ்ட்ரொம்கூட இல்லை. இரண்டு பாதிகளையும் பூட்டி வைத்திருக்கிற கொக்கி இதுதான் என்று எனக்குப் பட்டது. மேடம் திரையைப் பார்த்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த வாரமே கொழும்பில் நடக்கவிருந்த ஓர் ஆய்வரங்குக்குச் சுருக்கம் எழுதி அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள்.

அதற்கு நாலைந்து நாள் கழித்து அவள் தன் பட்டியலோடு என் மேசைக்கு வந்தாள்.

"புள்ள, நீ சொல்ற அந்தச் சோடி என்ட லிஸ்ட்ல வரவே இல்ல. ரெண்டு தரம் பாத்தன்."

அறையில் வேறு மூன்று பேர் இருந்தார்கள். நான் அவள் நீட்டிய தாளை வாங்கவும் இல்லை.

"பட்டனத் தட்டினா வாறதெல்லாம் சரியா இருக்காது. என்ன நடக்குதெண்டு விளங்கிச் செய்யணும்" என்றேன்.

அவள் தாளை மடித்துக்கொண்டு போய்விட்டாள். சொன்ன கணமே எனக்குத் தெரிந்தது, சொல்லியிருக்கக் கூடாது என்று. ஆனாலும் எழும்பிப் போகவில்லை. அடுத்த இரண்டு கிழமையும் அறைச் சாவியை யார் வைத்திருப்பது என்பதைத் தவிர நாங்கள் ஒன்றும் பேசவில்லை. மத்தியானத்தில் நான் கன்டீனுக்குப் போனேன்.

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல், ஆய்வரங்குக்குக் காட்ட அந்தச் சோடியைப் படமாக வரைந்தேன். ஆர்ஜினினில், சங்கிலியிலிருந்து பக்கவாட்டில் நீளும் கை ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கைகள் கிளைத்து நின்றன. குளுட்டாமிக் அமிலத்துக்கும் அப்படியே. வரைகிற மென்பொருளில்தான் கோளாறு என்று நினைத்து மூலக் கோப்பைத் திறந்து அந்த வரிகளைத் தேடினேன். அணுவின் பெயருக்குப் பக்கத்தில், நான் எழுதிய நிரல் வாசிக்காமல் தாண்டிப்போகிற ஒரு கட்டத்தில், ஏ என்றும் பீ என்றும் எழுதியிருந்தது.

பளிங்கில் இருப்பது ஒரு மூலக்கூறு அல்ல. எண்ண முடியாத அளவு. சிலவற்றில் அந்தக் கை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், சிலவற்றில் மறுபக்கம். இரண்டும் படத்தில் தெரிவதால் ஏ, பீ என்று பிரித்து எழுதிவைப்பார்கள். ஏ நிலையில் ஆர்ஜினின் உள்ளே சாய்கிறது. குளுட்டாமிக் அமிலம் வெளியே விலகி நிற்கிறது. பீ நிலையில் மறுதலை. நான் ஏ-யில் இருக்கிற ஆர்ஜினினுக்கும் பீ-யில் இருக்கிற குளுட்டாமிக் அமிலத்துக்கும் இடையில் தூரம் அளந்திருந்தேன். ஒன்று அங்கே வரும்போது மற்றது அங்கே இருப்பதில்லை. நான் கண்ட கொக்கி எந்த மூலக்கூறிலும் இல்லை.

கணினியை மூடிவிட்டுக் கையைக் கழுவப் போனேன். ஏன் கழுவினேன் என்று தெரியாது. சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும் என்ற நினைப்பு வந்தது. வேறு சாட்டுச் சொல்லி ஆய்வரங்குக்கு வரவில்லை என்று எழுதினால் அது பொய். பதினைந்து நிமிடப் பேச்சில் யாரும் மூலக் கோப்பைத் திறந்து பார்க்கப் போவதில்லை. அந்த நினைப்போடுதான் பின்னேரம் வீட்டுக்கு பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை அப்பா முற்றத்தில் வலையைக் காயப்போட்டுக்கொண்டே கேட்டார். "கொழும்புப் பேச்சு எந்த நாள் மகள்?"

"அது இல்லாமப் போகும்போல இரிக்கப்பா. நான் பிழையா அளந்துபோட்டன்."

அவர் வலையை விரிப்பதை நிறுத்தினார். "நான் ஆக்களுக்கெல்லாம் சொல்லிப்போட்டனே."

"அவங்களுக்கும் இல்லயெண்டு சொல்லுங்க."

"ம்" என்றார். அவருக்குக் கவலை. அதை மறைக்கவும் இல்லை. ஆனால் அவரிடம் வாய்விட்டுச் சொன்ன பிறகு, சொல்லாமல் விடுவது என்ற வழி எனக்கு அடைபட்டுப் போயிற்று.

திங்கட்கிழமை நான் முதலில் போனது அவளிடம். பிழையை முழுதாகச் சொன்னேன். அன்று சபையில் அப்படிப் பேசியதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவள் பையைத் திறந்து ஒரு தாளை எடுத்து வைத்தாள். அதே கோப்பின் அதே வரிகள். ஏ, பீ இரண்டையும் சிவப்புப் பேனையால் வட்டமிட்டிருந்தாள்.

"எப்ப கண்ட நீ?"

"அடுத்த நாளே. நீ அப்பிடிச் சொன்ன பொறகு, விளங்கிச் செய்வமெண்டு வரிவரியாப் பாத்தன்."

"பொறகு ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல?"

"ஒருக்காச் சொன்னனே."

எனக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. "நான் கொழும்பில போய் எல்லாருக்கும் முன்னால நிண்டிருந்தா?"

அவள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "போகட்டும் எண்டுதான் நினச்சன். பொய் சொல்லல்ல. ரெண்டு மூணு நாள் அப்பிடித்தான் நினச்சன். பொறகு பயம் வந்திட்டு. இண்டைக்கு எழுதித் தருவமெண்டு இரிந்தன்."

என்னோடு மேடத்திடம் வரச் சொன்னேன். "நான் வரல்ல. நீ போய்ச் சொல்லு. நான் வந்தா நான் காட்டிக் குடுத்த மாதிரி இரிக்கும்" என்றாள்.

மேடம் முழுவதையும் கேட்டார். பிறகு, "இப்பிடி எத்தின சோடி இருக்கு?" என்றார்.

"பதினொண்டு. ஆனா பெரிசு இதுதான்."

அவர் நான் இருக்கும்போதே சுருக்கத்தைத் திரும்பப் பெறுவதாக மின்னஞ்சல் எழுதினார். எழுதும்போது கண்ணாடியைக் கழற்றி இரண்டு தரம் துடைத்தார். "நானும் பாத்திருக்க வேணும். என்ட பேரும் இதில இருக்குத்தானே" என்றார். ஆனால் அடுத்த ஒரு மாதம் என்னிடம் கொண்டுவரச் சொன்ன ஒவ்வொரு அட்டவணையையும், "ரெண்டு நிலையும் பிரிச்சதுதானே?" என்று கேட்காமல் வாங்கவில்லை. கேட்க அவருக்கு நியாயம் இருந்தது.

நிரலைத் திருத்தி எல்லாவற்றையும் முதலிலிருந்து அளந்தேன். கொக்கி இல்லை. அதற்குப் பதிலாக, தனித்தனியே பார்த்தால் பெரிதாகத் தெரியாத பல சிறிய தொடுகைகள் சேர்ந்துதான் இரண்டு பாதிகளையும் பிடித்திருந்தன. அவற்றில் பாதிக்குமேல் அவள் கையால் சரிபார்த்த பட்டியலில் ஏற்கனவே இருந்தன. கொழும்பில் பேசுகிற அளவுக்கு அது கவர்ச்சியான முடிவு இல்லை. ஆய்வேட்டுக்குப் போதுமாக இருந்தது, நாலு மாதம் பிந்தி.

அவளோடு மீண்டும் ஒன்றாகச் சாப்பிடத் தொடங்க எவ்வளவு நாள் சென்றது என்று ஞாபகம் இல்லை. முதலில் ஒரே மேசையில், அவரவர் சாப்பாட்டோடு. நன்றியுரையில், இந்தப் பிழையை எனக்கு முன்னரே கண்டவள் அவள் என்று எழுதி, அச்சுக்குக் கொடுக்கமுன் அவளிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, "கண்டும் சொல்லாம இரிந்ததையும் போடு" என்றாள்.

"அதெல்லாம் ஆய்வேட்டில எழுதேலா."

"அப்ப இதையும் வெட்டு. ஒண்ட மட்டும் போட்டா நான் நல்லவ மாதிரி இரிக்கும்."

கொஞ்ச நேரம் வாதாடிப் பார்த்தேன். அவள் விடவில்லை. கடைசியில் அவளுடைய பெயருக்கு எதிரே, அட்டவணைகளைச் சரிபார்த்து உதவினார் என்று மட்டும் இருக்கிறது.