ஊசி போட்ட பிறகு அணைத்த அடுப்பு

என் கணவருக்கு இன்சுலின் போடுவது என் வேலை. காலை ஏழரைக்கு ஒன்று, மாலை ஏழரைக்கு ஒன்று, ஆறு வருஷமாக. அவருக்குக் கண் மங்கல், சிரிஞ்சில் இருக்கிற கோடு தெரியாது. தெரிந்தாலும் போட்டுக்கொள்ள மாட்டார், அது வேறு விஷயம். ஏர் பிடித்த கை, புளியமரத்து உச்சிக்கு ஏறி உலுக்கிய கை. இந்தச் சின்ன ஊசியைக் கண்டால் மட்டும் நடுங்குமாம்.

எங்கள் மலையில் கரண்ட்டை நம்ப முடியாது, வீட்டில் ஃப்ரிட்ஜும் கிடையாது. பெரிய மண்சட்டியில் மணலைக் கொட்டி நனைத்து, நடுவில் சின்னச் சட்டி வைத்து, அதில் மருந்து பாட்டிலை டப்பாவோடு வைத்திருக்கிறேன். தினமும் இரண்டு வேளை மணலுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும். மருந்தை எடுக்கும் முன் பாட்டிலை உள்ளங்கையில் உருட்ட வேண்டும், குலுக்கக் கூடாது. நேற்று வயிற்றின் வலது பக்கம் போட்டால் இன்று இடது பக்கம். ஒரே இடத்தில் குத்தினால் கட்டி விழுந்துவிடும். ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் தங்கலாம் என்று நினைத்தால், சட்டிக்கு யார் தண்ணீர் தெளிப்பது என்றுதான் முதலில் தோன்றும். அலுத்துப்போய்விட்டது. கட்டிய புருஷனுக்குச் செய்வதில் என்ன அலுப்பு என்று கேட்பார்கள். கேட்கிறவர்கள் வந்து ஒரு மாதம் போட்டுப் பார்க்கட்டும்.

கீழே ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா எனக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தபோது ஒன்றை மட்டும் மூன்று தடவை சொன்னார். ஊசி போட்ட அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும். சாப்பிடாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கும். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், கண்டுகொள்ளாமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. உடனே இனிப்பாக ஏதாவது கொடுக்க வேண்டும். அதற்காக அவருடைய சட்டைப்பையில் எப்போதும் நாலு மிட்டாய் போட்டு வைப்பேன்.

அன்றைக்கும் ஏழரைக்கு ஊசி போட்டுவிட்டுக் கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தேன். களி பாதி வெந்திருந்தது. அப்போதுதான் ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து ஆள் வந்து சொன்னார். என் கணவரின் அண்ணன், எனக்கு மூத்தார், விடியற்காலையில் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வந்து படுத்தவர், எழுந்திருக்கவே இல்லை. இவர் போட்டது போட்டபடி, தோளில் துண்டோடு ஓடினார். சட்டை ஆணியிலேயே தொங்கியது.

எங்கள் ஊரில் சாவு விழுந்தால் பிணம் எடுக்கும்வரை எந்த வீட்டிலும் அடுப்பு எரியக் கூடாது, யாரும் சாப்பிடவும் மாட்டார்கள். நான் யோசிக்கவே இல்லை. கை தன்பாட்டில் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றியது. புகை கண்ணைக் கரிக்க, கதவைச் சாத்திக்கொண்டு நானும் ஓடினேன். பத்து நிமிஷத்துக்கு முன்னால் அவர் வயிற்றில் குத்திய ஊசி எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. ஆறு வருஷம் மறக்காத எனக்கு.

மூத்தாரின் மகளைக் கண்ணமங்கலத்தில் கொடுத்திருக்கிறது. அவள் பஸ் பிடித்து, ஜீப் பிடித்து, மலையேறி வந்துதான் எடுக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. எப்படியும் மத்தியானம் தாண்டும். பெண்கள் பிணத்தைச் சுற்றி அழுதுகொண்டிருந்தோம். ஆண்கள் வாசலில், பந்தலடியில்.

ஒன்பதரை இருக்கும். வாசலில் அவர் யாரையோ அதட்டுகிற சத்தம் கேட்டது. மூங்கில் வெட்டி வந்தவனிடம், கோணலாக வெட்டியிருக்கிறாய் என்று சண்டை. அவர் சண்டை போடுகிற ஆள் இல்லை. எட்டிப் பார்த்தேன். முதுகெல்லாம் வேர்வை. துண்டைப் பிடித்திருந்த கை நடுங்கியது. அண்ணன் போன துக்கம் என்று யாரோ தேற்றினார்கள். காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டான் என்று ஒருவர் முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தது.

எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன். எழவு வீட்டில் நடுவில் எழுந்து புருஷனுக்குத் தின்ன என்ன இருக்கிறது என்று தேடினால் பார்க்கிறவர்கள் இன்னா நெனைப்பாங்க? மூத்தார் முகத்தில் ஈ மொய்க்கக் கிடக்கிறார். ஜீப் வந்துவிடும், வந்துவிடும் என்று பாதையையே பார்த்தேன். ஒரு மணி நேரம் பார்த்தேன். சண்டைச் சத்தம் நின்றுவிட்டது. பந்தல் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், வாய் லேசாகத் திறந்திருந்தது.

எழுந்து ஓடிப்போய் உலுக்கினேன். யாரோ தெரியாத பெண்ணைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். ஊசி போட்டது, சாப்பிடாதது எல்லாவற்றையும் சொல்லி, கொஞ்சம் சர்க்கரை கொடுங்கள் என்று அங்கிருந்தவர்களிடம் கேட்டேன். சர்க்கரை வியாதிக்காரனுக்குச் சர்க்கரையா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா என்று ஒரு பெரியவர் தடுத்தார். இன்னொருவர், பிணம் எடுக்காமல் வாயில் எதுவும் வைக்கக் கூடாது என்றார். நான் கத்தினேன், அழுதேன். ஒருவரும் அசையவில்லை.

அசைந்தவள் என் ஓரகத்தி. செத்தவரின் பெண்சாதி, பிணத்தின் தலைமாட்டில் இருந்தவள். தலைமாட்டை விட்டு அவள் எழுந்திருக்கக் கூடாது. எழுந்து உள்ளே போய், பரண்மேல் இருந்த தேன் பாட்டிலை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். மூத்தார் போன மாதம் எடுத்து வந்த தேன்.

"இந்த வூட்ல இன்னிக்கு ஒருத்தர் போனது போதும். தம்பிக்குக் குடு."

அவரைப் பந்தல் காலில் நிமிர்த்திச் சாய்த்து உட்காரவைத்து, விழுங்குகிறாரா என்று முதலில் ஒரு வாய் தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன். விழுங்கினார். டம்ளரில் தேனைக் கரைத்து மெதுவாகக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரத்தில் கண் தெளிந்து, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அப்புறம் சடங்குக்கு வாங்கி வைத்திருந்த பழத்தில் இரண்டை உரித்துக் கொடுத்தாள் ஓரகத்தி. அதற்குப் பிறகுதான் அவள் திரும்பிப் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள்.

எல்லாம் முடிந்து, குளித்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். நல்ல வார்த்தை ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்க்கிற வயசெல்லாம் எனக்குப் போய்விட்டது. ஆனாலும் இதை எதிர்பார்க்கவில்லை.

"அண்ணன் பொணத்த வச்சிக்கினு என்னைத் தேன் குடிக்க வச்சிட்ட. எல்லாரும் இன்னா நெனைப்பாங்க?"

சண்டை போட உடம்பில் தெம்பில்லை. காய்ந்து பிளந்து கிடந்த பாதிக் களியைச் சுரண்டி மாட்டுக்குப் போட்டேன். சட்டிக்குத் தண்ணீர் தெளித்தேன். மாலை ஊசியை எப்போது போடலாம் என்று அவரிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை, நர்ஸம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டேன்.

இப்போது சோறு வெந்து இறங்கின பிறகுதான் பாட்டிலைக் கையில் எடுக்கிறேன். அவர் சட்டையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தபடி, சீக்கிரம் போடேன், எதுக்கு அடுப்பையே பார்க்கிறாய் என்று தினமும் சலித்துக்கொள்கிறார். அவரைப் பார்த்துக்கொண்டே நான் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியாது. எல்லாரும் இன்னா நெனைப்பாங்க என்றுதான் நானும் உட்கார்ந்திருந்தேன்.