பேச்சு மறுக்கப்பட்டவர்கள்

நவீனக் கலை வரலாறு படித்துவிட்டு நான் எழுதி அச்சில் வந்த முதல் குறிப்பு, சென்னைக் கலைக்கூடம் ஒன்றில் மாட்டியிருந்த பெரிய புகைப்படத்தைப் பற்றியது. பழவேற்காடு ஏரியில் கழுத்து வரை நீரில் இருந்தபடி பெண்கள் கையால் இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கவ்வியிருக்கிறார்கள். ‘பேச்சு மறுக்கப்பட்டவர்கள்’ என்று எழுதினேன். அந்தச் சொல் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஊருக்குப் போனபோது, அதே வேலை செய்த அம்மாவுக்குப் படத்தைக் காட்டி, எழுதியதையும் படித்தேன்.

“வாயில பறி இருந்தா எப்டி பேசறது? கரையேறினா நாங்க வாய மூடுவோமா?” என்றாள்.

“படம் எடுத்தவரு அத பாக்கல போலம்மா.”

“அவருக்குத் தெரியாது. சின்ன வயசுல தெனம் கரையில நின்னு எம் பறிய வாங்கிக்கினவ நீதான?”