சுணைப் பருத்தி

கல்யாணமான மூன்றாம் வருஷமே புருஷனை இழந்து, சிங்காநல்லூரில் அண்ணன் செங்கோடன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள் நாச்சியம்மாள். ஊருக்குக் கிழக்கே ஒரு பருத்தி ஆராய்ச்சிப் பண்ணையில் அவளுக்குக் கூலி வேலை கிடைத்தது. செடிக்கு மூன்று இலை திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் தத்துப்பூச்சிகளை எண்ணிச் சொல்ல வேண்டும். உதவி அதிகாரி வரதராஜுலு நோட்டில் எழுதிக்கொள்வார்.

ஐம்பத்தேழாம் வருஷம் அந்தப் பூச்சி வயலையே தின்று தீர்த்தது. அது சாறு உறிஞ்சிய இலையெல்லாம் ஓரம் மஞ்சளாகி, சிவந்து, சுருண்டுபோயின. வேலியோரம் தானாக முளைத்துக் கிடந்த காட்டுப்பருத்தி மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. நாச்சியம்மாள் அதில் ஓர் இலையைப் பறித்துக் கன்னத்தில் தேய்த்தாள். சொரசொரத்தது. அடிப்பக்கம் முழுக்கப் பூனைமயிர் மாதிரி அடர்ந்த சுணை. ஒரு தத்துப்பூச்சியைப் பிடித்து அதன்மேல் விட்டாள். சுணைமேல் கால் பாவாமல் தடுமாறியது. ஊசி மூக்கு இலைவரை எட்டவில்லை. தாவிப் போய்விட்டது.

"சாருங்க, இத வந்து பாருங்க. இந்தச் சுணையில பூச்சி உக்கார முடியறதில்லீங்க."

"வேலியில கெடக்கற செடியக் காட்டவா கூப்பிட்டே அம்மணி?" என்று சிரித்தார் வரதராஜுலு. ஆனால் அன்று சாயங்காலமே பூதக்கண்ணாடியோடு அவர் தனியாக வேலியோரம் குனிந்து நின்றதை அவள் பார்த்தாள்.

அடுத்த வாரம் புது வேலை வந்தது. பண்ணைப் பருத்தியின் மொட்டைப் பிரித்து, அதன் தாதைக் கிள்ளி எறிந்து, மறுநாள் காலையில் காட்டுப்பருத்தியின் மகரந்தத்தைத் தடவி நூல் கட்ட வேண்டும். நாச்சியம்மாளின் விரலுக்குத்தான் அந்தப் பக்குவம் இருந்தது. ஐந்து வருஷம் பொறுக்கிப் பொறுக்கி விதைத்ததில், தத்துப்பூச்சி அண்டாத ரகம் ஒன்று தேறியது.

கடைசிச் சோதனையின்போது அவள் கண்ணில் வேறொன்று பட்டது. சுணைக்குள் கடுகைவிடச் சின்னதாக முட்டைகள். பருத்திக் காயைக் குடைந்து தின்னும் காய்ப்புழுவின் அந்துப்பூச்சி வழவழப்பான இலையை விட்டுவிட்டு, இந்த இலையாகப் பார்த்து முட்டையை ஒட்டிவிட்டுப் போயிருந்தது.

"இதையும் எழுதிக்குங்க சாருங்க."

"தத்துப்பூச்சி எத்தனைன்னு மட்டும் சொல்லு போதும்." அவர் பேனாவை மூடிக்கொண்டார்.

ரகம் வெளியான விழாவில் வரதராஜுலுவுக்கு மாலை விழுந்தது. கூலியாட்களோடு வெயிலில் நின்று நாச்சியம்மாளும் கை தட்டினாள்.

அந்த ஐப்பசியில் அண்ணன் கேட்டான்: "உங் கையால ஆன செடியாச்சே கண்ணு, நம்ம ரெண்டு ஏக்கராவுலயும் போட்டுப்போடலாமா?"

முட்டை ஞாபகம் வந்தது அவளுக்கு. அதைவிட, அது தன் கையால் ஆன செடி என்று மேடையில் ஒருவரும் சொல்லாததை அண்ணனாவது சொன்னானே என்பதுதான் பெரிதாகப் பட்டது. "போடுங்கண்ணா" என்றாள்.

முதல் வருஷம் நன்றாக விளைந்தது. இரண்டாம் வருஷம் காய்க்குக் காய் புழு. சுற்று வட்டாரக் குடியானவர்கள் பண்ணை வாசலில் வந்து சத்தம் போட்டார்கள். கூலியாட்கள் விதையைக் கலந்துவிட்டதுதான் காரணம் என்று வரதராஜுலு மேலே எழுதினார். விதை பொறுக்கியவள் நாச்சியம்மாள். அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவள் பேசிய எதுவும் அந்த நோட்டில் இல்லை.

வீட்டில் செங்கோடன் சத்தம் போடவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "இப்படி ஆகும்னு உனக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியுமுங்கண்ணா."

அதற்குப் பிறகு அவன் அவளைக் கண்ணு என்று கூப்பிடவே இல்லை. பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, உக்கடத்தில் பஸ் ஏறிப் பொள்ளாச்சிக்குப் போய் ஒரு கொப்பரைக் களத்தில் வேலைக்குச் சேர்ந்தாள் நாச்சியம்மாள். அறுபத்தாறில் வரதராஜுலு பெரிய அதிகாரியானார் என்று பழைய கூலிக்காரி ஒருத்தி சந்தையில் பார்த்தபோது சொன்னாள். "அப்படீங்களா" என்றுவிட்டு நாச்சியம்மாள் களத்துக்குத் தேங்காய் உடைக்கப் போனாள்.