இரண்டு தாள்கள் ஒட்டும் இடம்

"இன்னும் போடு மாஷி, கனக்கவே இல்லை" என்று, கடைக்காரியைச் சித்தி முறை வைத்து வங்காளத்தில் சொல்லிக்கொண்டே பையை அகல விரித்துப் பிடித்தார் சுந்தரவல்லி. கடைக்காரி இரண்டு கையாலும் உருளைக்கிழங்கை அள்ளிப் போட்டாள். பையின் காது விரலை அறுக்கத் தொடங்கியதும்தான் "போதும்" என்றார். வீட்டில் அவரும் கணவரும் மட்டும்தான். இந்தக் கிழங்கு சமையலுக்கு வாங்கியதல்ல.

ஜாதவ்பூரில், சாலைகளுக்கும் மேம்பாலங்களுக்கும் வரைபடம் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் அவர் மூத்த பொறியாளர். எந்த ஊருக்குத் திட்டம் போடப் போனாலும், முதலில் அந்த ஊர்ச் சந்தைக்குள் நுழைந்து ஒரு பை நிறையக் கனமாக எதையாவது வாங்குவார். அதைத் தூக்கிக்கொண்டு, தாம் வரையப்போகும் வழி முழுக்க நடப்பார். "மேடம் மலிவாக் காய் வாங்கத்தான் சைட்டுக்குப் போறாங்க" என்று அலுவலகத்தில் ஒரு சிரிப்பு உண்டு. அவர் மறுத்ததில்லை. திரும்பும் லோக்கல் ரயிலில் பக்கத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் கிழங்கைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, வெறும் பையை மடித்துக்கொண்டு டாலிகஞ்சில் இறங்குவார்.

பிறந்தது கிடர்பூர் துறைமுகக் குடியிருப்பில். பேரம், அரட்டை, கணக்கு எல்லாமே வங்காளத்தில்தான். கோபம் மட்டும் தமிழில் வரும். கூட வேலை செய்யும் வங்காளிப் பிள்ளைகள் "அறிவிருக்கா" என்பதை அவரிடமிருந்து கற்றுக்கொண்டு, மக்கர் பண்ணும் பிரிண்டரிடம் கேட்கிறார்கள். கோபம் முற்றிவிட்டால் பேச்சே இருக்காது. டீ குடித்த மண்குவளையைச் செருப்புக்கடியில் போட்டு மாவாகும்வரை அரைப்பார். இந்த மாதம் முழுக்க அவர் மேஜைக்கடியில் செம்மண் கிடந்தது.

காரணம் மானிக்ஹாட். ஊரின் நடுவயிற்றில் ரயில் ஓடும் சின்ன ஊர். இந்தப் பக்கம் சந்தை. அந்தப் பக்கம் வீடுகள், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. நடுவே ஒரு ரயில்வே கேட். நெடுஞ்சாலையை அகலமாக்கி, கடைத்தெருவுக்கு மேல் பாலம் கட்டி, கேட்டை ஒரேயடியாக மூடப் போகிறார்கள். லாரி நிற்காமல் போகும், நல்லது. நடந்து வருகிறவர்? சாலைக்காரர்களின் தாளில் நடைபாதை ரயில்வே எல்லைக்கோட்டைத் தொட்டதும் நின்றுவிடுகிறது. அதற்கப்பால் ரயில்வே பாடு. ரயில்வேயின் தாளில் தண்டவாளத்துக்கடியில் சுரங்கப்பாதை கிடையாது. மனிதர்களைக் கடத்திவிடுவது சாலைக்காரர்கள் பாடு. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் குற்றம் சொல்ல முடியாது. சுந்தரவல்லி இரண்டையும் செலோடேப் போட்டு ஒட்டிப் பார்த்தார். ஒட்டின இடத்தில் ஊர் காணாமல் போயிருந்தது.

சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த திட்டத் தலைவர் ஜெய்ராம் கெட்டவரில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

"சுரங்கப்பாதை அடுத்த கட்டத்துல வந்துரும் மேடம். இப்பச் சேர்த்தா ரெண்டு ஆபீஸும் மறுபடி உக்காந்து பேசணும்."

"பேசட்டுமே. வாய் வலிக்குமா? அடுத்த கட்டம்னு சொல்லி எந்த ஊர்ல வந்திருக்கு, ஒண்ணு சொல்லுங்க."

"பாலத்து மேல நடைபாதை இருக்கே. ஏழு நிமிஷ நடைன்னு சாஃப்ட்வேர் சொல்லுது."

"அது கையில என்ன தூக்கிட்டு நடந்துச்சாம்?"

சுந்தரவல்லியின் கையெழுத்தில்லாமல் வரைபடம் அலுவலகத்தை விட்டு நகராது. "மானிக்ஹாட்டுக்கு வந்து வாங்கிக்கோங்க" என்று ஜெய்ராமிடம் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் இன்று ஜெய்ராமின் கார் கேட்டருகே நின்றது.

கடைக்காரிக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும். "தாஹொலே ஜாபோ கோதாய், தீதி?" என்றாள். அப்போ எங்கே போறது, அக்கா? சுந்தரவல்லி பையைக் கொண்டுபோய் ஜெய்ராமின் கையில் மாட்டினார்.

"லைனுக்கு அந்தாண்ட பச்சைக் கதவு தெரியுதில்ல? இந்த மாஷியோட வீடு. கேட் இல்லைன்னு வெச்சுக்கோங்க. பாலம் ஏறணும்னா அந்த மிட்டாய்க் கடையையும் தாண்டிப் போகணும். ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, வந்த தூரமெல்லாம் திரும்பி வரணும். முதல்ல மிட்டாய்க் கடை வரைக்கும் போங்க."

"என்ன மேடம், ஸ்கூல்ல பெஞ்சு மேல நிக்க வைக்கற மாதிரி..."

"நடங்க."

தண்டவாளத்தை ஒட்டிய தெருவில் ஜெய்ராம் நடந்தார், பின்னால் சுந்தரவல்லி. டோட்டோ என்னும் பேட்டரி ரிக்‌ஷாக்கள் ஹாரனடித்து ஒதுக்கின. பை கை மாறியது. சட்டை முதுகில் ஒட்டியது. மறுபடி கை மாறியது. மிட்டாய்க் கடை இன்னும் தள்ளித்தான் இருந்தது. வழியில், ரயில்வே சுவர் இடிந்த ஓரிடத்தில், ஆள் நடந்து நடந்து வெளுத்த ஒற்றையடித் தடம் தண்டவாளத்தின் குறுக்கே போயிற்று. ஜெய்ராம் நின்றார். பச்சைக் கதவைப் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். சுவரைத் தாண்டி ஜல்லியில் ஏறினார்.

"ஜெய்ராம்."

ஒரு கால் தண்டவாளத்தின் மேல் இருந்தது. அவர் குனிந்து தம் ஷூவைப் பார்த்தார்.

"நாலு எட்டு வெச்சா வீடு, இல்ல?" என்றார் சுந்தரவல்லி. குரல் உயரவில்லை.

கேட்டருகே திரும்பி வந்ததும், காரின் முன்மூடியில் சுந்தரவல்லி ஒட்டிய தாளை விரித்தார். காற்றில் எழும்பிய நான்கு மூலைகளிலும் ஜெய்ராம் தூக்கி வந்த பையிலிருந்தே ஒவ்வொரு கிழங்கை எடுத்து வைத்தார். இரண்டு தாள்களும் சேரும் ஒட்டின்மேல் இடக்கை விரலை அழுத்திக்கொண்டு, "சுரங்கப்பாதையை இங்கே நீங்களே போடுங்க, அப்புறம் என் கையெழுத்து" என்றவர், மூடியைப் பல்லால் கழற்றிப் பேனாவை ஜெய்ராமிடம் நீட்டினார்.